விழித்திரைக்கு அடியில் முளைக்கும் இரத்தக் குழாய்கள்: அறுவை சிகிச்சை தந்த பலன் என்ன?

படிக்கவும் முகங்களை அடையாளம் காணவும் உதவுவது விழித்திரையின் நடுவே இருக்கும் மாகுலா என்ற சிறிய பகுதி. விழித்திரைக்குப் பின்னால் கோராய்டு என்ற இரத்தக் குழாய் அடுக்கு உள்ளது. இரண்டுக்கும் நடுவே நிறமி செல்களின் ஒற்றை அடுக்கும் புரூக் சவ்வும் தடுப்பாக இருக்கின்றன. முதுமை, கடுமையான கிட்டப்பார்வை, சில தொற்றுகள் ஆகியவற்றால் இந்தத் தடுப்பு பழுதடையும்போது, கோராய்டிலிருந்து புதிய குழாய்கள் அதைத் துளைத்துக்கொண்டு வளர்கின்றன. அவற்றின் சுவர் பலமற்றது என்பதால் நீரும் இரத்தமும் கசிகின்றன. நேர்கோடுகள் வளைந்து தெரியத் தொடங்கும்; கவனிக்காமல் விட்டால் தழும்பு உண்டாகி மையப் பார்வை போய்விடும்.

1980களில் இதற்கு லேசர் சிகிச்சை அளித்தார்கள். ஆனால் லேசர், குழாய்களோடு மேலே உள்ள விழித்திரையையும் சேர்த்துச் சுட்டுவிடும். குழாய்கள் மாகுலாவின் நட்டநடுவில் இருந்தால் சிகிச்சையே பார்வையைப் பறித்துவிடும். அதனால் அவற்றை வெளியே எடுக்கும் வழி தேடப்பட்டது. அமெரிக்க மருத்துவர்கள் மேத்யூ தாமஸ், ஹென்றி கேப்லன் இருவரும் 1991இல் அத்தகைய அறுவை சிகிச்சையை விவரித்தார்கள். கண்ணுக்குள் உள்ள கூழ்மத்தை அகற்றி, விழித்திரையில் சிறு துளையிட்டு, நுண்ணிய இடுக்கியால் குழாய்த் திரளைப் பற்றி எடுப்பது இதன் முறை.

இதன் பலனை அளக்க அமெரிக்க தேசியக் கண் நிறுவனத்தின் நிதியுதவியுடன் மூன்று சோதனைகள் நடந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். ஒரு பாதிப் பேருக்கு அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. மறுபாதிப் பேர் கண்காணிப்பில் மட்டும் இருந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்வை மேம்பட்டிருந்தாலோ, பார்வை அட்டையில் ஒரு வரிக்கு மேல் குறையாமல் இருந்தாலோ அது வெற்றி எனக் கொள்ளப்பட்டது. முடிவுகள் 2004இல் வெளிவந்தன.

முதுமையால் மாகுலா சிதைந்த 454 பேரில் அறுவை சிகிச்சை பெற்றவர்களில் 41 சதவீதமும், கண்காணிப்பில் இருந்தவர்களில் 44 சதவீதமும் வெற்றி கண்டார்கள். இரு தரப்பிலும் பார்வையின் இடைநிலை அளவு 6/30இலிருந்து 6/120 ஆகச் சரிந்தது. பெரிய இரத்தக் கசிவு இருந்த 336 பேரிலும் வெற்றி விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட வரிகளின் கடும் இழப்பு, கண்காணிப்பில் இருந்தவர்களில் 36 சதவீதமாகவும் அறுவை சிகிச்சை பெற்றவர்களில் 21 சதவீதமாகவும் இருந்தது. அதே பிரிவில் அறுவை செய்த கண்களில் 16 சதவீதத்தில் விழித்திரை விலகியது, கண்புரையும் அதிகமானது.

ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சைத் தொற்றின் பின்விளைவாகவோ, காரணம் தெரியாமலோ குழாய்கள் தோன்றிய 225 பேரில் நிலைமை சற்று மேலாக இருந்தது. தொடக்கத்திலேயே பார்வை 6/30ஐ விட மோசமாக இருந்தவர்களுக்குத் தெளிவான பலன் கிடைத்தது. எனினும் அறுவை செய்த கண்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் குழாய்கள் மீண்டும் வளர்ந்தன.

இந்த வேறுபாட்டுக்குக் குழாய்கள் இருக்கும் இடமே முக்கியக் காரணம். தொற்றுக்குப் பின் வருபவை பெரும்பாலும் நிறமி அடுக்குக்கு மேலே வளர்வதால், அந்த அடுக்கு ஓரளவு தப்பிக்கிறது. முதுமையில் வருபவை பெரும்பாலும் அதன் அடியில் பரவுகின்றன. அவற்றை எடுக்கும்போது நிறமி செல்களும் கூடவே பிய்ந்து வருகின்றன. அந்தச் செல்கள் இல்லாமல் ஒளியுணர் செல்கள் பிழைக்காது. எனவே குழாயை முழுமையாக எடுத்தாலும் பார்வை திரும்புவதில்லை.

2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ராணிபிசுமாப் ஊசி நிலைமையை மாற்றியது. குழாய்களை வளரத் தூண்டும் புரதத்தை அது முடக்குகிறது, விழித்திரையைத் தொடுவதில்லை. 716 பேரிடம் நடந்த மரினா ஆய்வில் ஊசி பெற்றவர்களில் ஏறத்தாழ 95 சதவீதம் பேர், ஓராண்டில் பார்வை அட்டையில் 15 எழுத்துகளுக்குக் குறைவாகவே இழந்தார்கள். போலிச் சிகிச்சை பெற்றவர்களில் அது 62 சதவீதம். 0.5 மில்லிகிராம் அளவு பெற்றவர்களில் மூன்றில் ஒருவர் 15 எழுத்துகளோ அதற்கு மேலோ கூடுதலாகப் படித்தார். ஆனால் பலன் நிலைக்க, ஊசியைப் பலமுறை தொடர்ந்து போட வேண்டும்.

இன்று இந்தக் குழாய்களுக்கு முதல் சிகிச்சை ஊசிதான். மாகுலாவுக்கு அடியில் திடீரென நிறைய இரத்தம் தேங்கும்போது, அதைக் கரைத்து நகர்த்தவே அறுவை சிகிச்சை பெரும்பாலும் பயன்படுகிறது. எந்தச் சிகிச்சையானாலும் தழும்பு விழுவதற்கு முன் தொடங்கினால்தான் பலன் அதிகம். ஆகவே கோடுகள் வளைந்து தெரிந்தால் ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணால் பார்த்துச் சோதித்துக்கொள்வதும், தாமதிக்காமல் விழித்திரை நிபுணரை அணுகுவதும் அவசியம்.