எலிக்காய்ச்சற் கிருமியின் மேற்பரப்பு

இலங்கையின் மடவளையைச் சூழ்ந்த வயல்களில் மழைநீர் நிறைந்து, உழவர் முழங்காலளவு சேற்றில் இறங்கி வேலை செய்யும் நாட்களில், அந்நீரில் இருவகை லெப்டொஸ்பைராக் கிருமிகள் வாழ்தல் கூடும். எவருக்கும் தீங்கிழைக்காது நீரிலும் மண்ணிலும் காலங்கழிக்கும் பைஃப்ளெக்சா ஒன்று. எலியின் சிறுநீரோடு வெளிவந்து, காலிலுள்ள கீறல் வழியே இரத்தத்துட் புகுந்து, ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கவல்ல இன்டரோகன்ஸ் மற்றொன்று. திருகுசுருள் வடிவிலும் நெளிந்து நீந்தும் இயல்பிலும் இரண்டும் ஒத்திருத்தலால், நுணுக்குக்காட்டியின் வழியே நோக்குவோர்க்கு அவற்றிடையே பேதம் தோன்றுவதில்லை.

பேதம் மேற்பரப்பிலுள்ள, உடலின் எதிர்ப்பைத் தூண்டும் பிறபொருளெதிரியாக்கிகளில் உள்ளது. நோய்க்கிருமியின் புறமென்சவ்வில் மிகுந்து காணப்படும் லிப்எல் 32 என்னும் புரதம் பைஃப்ளெக்சாவில் அறவே இல்லை. எனினும், அதனை இழந்த கிருமியும் விலங்குகளில் நோய் விளைத்தமையால், அப்புரதம் தீய கிருமிக்கு அடையாளமேயன்றி அதன் கொடுமைக்கு முழுக் காரணமன்று. மேற்பரப்பிலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளோ நோய்க்கிருமிகளுக்குள்ளேயே வேறுபட்டு, அவற்றை 250க்கும் மேற்பட்ட உபபிரிவுகளாக்குகின்றன. ஒரு பிரிவுக்கென உடல் ஆக்கிய பிறபொருளெதிரி மற்றொன்றைப் பெரும்பாலும் தடுக்காமையால், ஒருமுறை நோயுற்றவர் மீண்டும் நோயுறுகிறார். எல்லாப் பிரிவுக்கும் பொதுவான தடுப்பூசியும் இன்னும் அமையவில்லை.

ஆயினும் தீங்கற்றதும் தீயதுமாகிய இருவகைக் கிருமிகளின் மேற்பரப்பிலும் பொதுவான கூறுகள் சில உண்டு. நோயறிதல் அவற்றையே துணையாகக் கொண்டது. இத்தாலிய நீரோடையொன்றிற் பெறப்பட்ட பட்டொக் என்னும் தீங்கற்ற பைஃப்ளெக்சா இனம், கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனையிற் பயன்பட்டு வந்துள்ளது. நோயாளியின் குருதித் தெளியத்தை அவ்வினத்தோடு கலந்தவிடத்து, கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளுமாயின், அவரது இரத்தத்தில் எலிக்காய்ச்சலுக்கான பிறபொருளெதிரி தோன்றியுள்ளதென்று கொள்ளலாம். எந்த உபபிரிவு தாக்கியது என்பதை மாத்திரம் அது உரைக்காது.

2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000க்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினரென்று ஐயுறப்பட்டு, ஏறத்தாழ 200 பேர் மாண்டனர். பிறபொருளெதிரி தோன்ற ஒரு வாரமளவு செல்லுமாதலின், முதல் நாட்களின் பரிசோதனை நோயில்லையெனக் காட்டினும் அதனை நம்பி வாளாவிருத்தல் ஆகாது. வயலிறங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகி நோய்த்தடுப்பு மருந்தாகிய டொக்சிசைக்கிளின் பற்றிக் கேட்டறிதலும், காய்ச்சல் கண்டவுடன் வைத்தியரிடம் தாம் சேற்றில் வேலை செய்ததை மறவாது கூறுதலும் உயிர்காக்கும் கடமைகளாம்.