வீட்டுக்குள் ஒரு வலை – 9: பழுப்புக் கம்பி

தளி ரோட்டுப் பக்கம் கல்யாண வீடியோ எடிட் செய்யும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, கீழ லேப்டாப்ல இருந்து மாடி கம்ப்யூட்டருக்கு ஃபைல் அனுப்புனா விடிஞ்சே போயிருதுங்க. பெரிய பிளானுக்கு மாறிக்கோணுங்களா?"

வேண்டாம். வீட்டுக்குள் ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஃபைல் ரவுட்டரோடு திரும்பிவிடும். வாசலுக்கு வெளியே இருக்கும் ஃபைபருக்கு அதில் வேலையே இல்லை. மாதாமாதம் கூடுதலாகக் கட்டும் பணம் வீண்.

அவருடைய வேலையின் அளவைப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் தரத்தில் எடுத்த 4கே வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. முகூர்த்தத்துக்கு இரண்டு மூன்று கேமரா ஓடினால் அத்தனை மடங்கு.

லேப்டாப் வைஃபையில் இருந்தது. இரண்டு கருவிகளும் ஒரே வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு துண்டும் இரண்டு முறை பறக்க வேண்டும்: ரவுட்டருக்கு ஒருமுறை, அங்கிருந்து மற்றதற்கு ஒருமுறை. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். சுவரோடு சுவர் ஒட்டிய வீதிகளில் பக்கத்து வீடுகளும் அவற்றில்தான் இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கான்கிரீட் தளத்தைத் தாண்டும்போது தளர்ந்துவிடும். ஆகவே பெரிய ஃபைல் கையாளும் கருவிக்குக் கேபிள் இழுங்கள். போனும் டிவியும் வைஃபையில் இருக்கட்டும்.

ஆனால் இவருடைய மாடி கம்ப்யூட்டருக்கு ஏற்கெனவே கேபிள் இருந்தது! கோளாறும் அதில்தான். கேட் 5இ கேபிளில் நான்கு ஜோடிக் கம்பிகள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும்; கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். முனையில் பழுப்புக் கம்பி ஒன்று சரியாக கிரிம்ப் ஆகவில்லை. இப்படி ஆனால் இணைப்பு பெரும்பாலும் அறுந்துபோகாது, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிக்கொள்ளும். யூடியூப் ஓடும், மெயில் வரும், யாருக்கும் சந்தேகம் வராது. 45 ஜிபி நகர மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கிகாபிட்டில் அது ஏழு நிமிட வேலை, இரு முனையிலும் டிஸ்க் ஈடுகொடுத்தால்.

விண்டோஸில் ஈதர்நெட் விவரத்தைத் திறந்து லிங்க் ஸ்பீடு 1000 என்று இருக்கிறதா பாருங்கள். 100 என்றிருந்தால் முதலில் ஜாக்கை மாற்றுங்கள். அப்படியும் மாறாவிட்டால் ரவுட்டரின் போர்ட்டைச் சந்தேகியுங்கள். பலவற்றில் எல்லா போர்ட்டும் கிகாபிட் அல்ல. இரண்டு கருவிகளையும் ஐந்து போர்ட் கிகாபிட் சுவிட்ச் ஒன்றில் செருகினால் அது தீரும். கேபிள் வாங்கும்போது கம்பியைக் கத்தி முனையால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம், வாங்காதீர்கள்.

ஆயிரக்கணக்கான போட்டோக்களை அப்படியே அனுப்பினால், ஒவ்வொன்றையும் திறந்து மூடுவதிலேயே நேரம் போகும். சுருக்காமல் ஒரே ஜிப்பாகக் கட்டி அனுப்புங்கள். பழைய யூஎஸ்பி 2 டிஸ்க்கில் எழுதினால் நொடிக்கு 40 எம்பியைத் தாண்டுவதே அரிது. அங்கே மாற்ற வேண்டியது டிஸ்க்கைத்தான்.