நமது மாவட்டத்துக்கு ஆசனம் வந்த கணக்கு

பாராளுமன்றத்தில் 225 ஆசனம். 29 தேசியப் பட்டியலுக்குப் போக மீதி 196. இதில் 36, பெரிசு சிறிசு பாராமல், ஒன்பது மாகாணங்களுக்கும் நான்கு நான்காகப் போகும். மிச்சம் 160 ஐயும் மாவட்டங்களுக்குப் பகிர்வது வாக்காளர் இடாப்பைப் பார்த்துத்தான். சனத்தொகை அல்ல, இடாப்பிலுள்ள பெயர்கள்!

முன்பு வேறு மாதிரி. 1959இல் தொகுதி பிரித்தபோது, பிரஜாவுரிமை இழந்த நம்மவர்களையும் தலைக்கணக்கில் சேர்த்தார்கள். மலையகத்துக்குத் தொகுதி கூடியது. நம்மில் மிகப் பலருக்கு வாக்கு இல்லை. நம்ம தலையை எண்ணி மற்றவருக்கு ஆசனம்!

2024இல் நுவரெலியா மாவட்டத்துக்கு 8 ஆசனம். லயத்தில் ஒரு பெயர் விடுபட்டாலும் அந்தக் கணக்கில் ஒன்று குறையும். பதினெட்டு முடிந்த பிள்ளை, கலியாணமாகி வந்த மருமகள் பெயரெல்லாம் இருக்கிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுப் பாருங்கள்.