அந்த 'அப்புறம்' எப்போ வரும்?

நடுவர் அவர்களே! "முழுசாக் கத்துக்கிட்டு அப்புறம் இறங்கணும்" என்றார் எதிரணி நண்பர். அந்த 'அப்புறம்' எப்போங்க வரும்?

நான் செட்டியார்பட்டிக்காரன். டைப்ரைட்டிங் லோயர், ஹையர், சுருக்கெழுத்து என்று சர்டிபிகேட்டாகச் சேர்த்தவன். ஒருநாள் எங்கம்மா கேட்டாங்க: "ஏய்யா, பெட்டி நிறைஞ்சிருச்சு. அடுப்பு எப்போ எரியும்?"

நம்ம மதுரை டாக்டர் கோ. வெங்கடசாமியைப் பாருங்க. 1918இல் பிறந்தவர். இளவயதிலேயே முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கிவிட்டது. அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, கண் அறுவை செய்தார். அரசு வேலையில் ஓய்வுபெற்றபோது வயது 58. பெரிய கட்டடம் வரட்டும் என்று காத்திருந்தாரா? இல்லை! 1976இல் வெறும் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

அதற்காகக் கற்பதை விட்டாரா? அதுவும் இல்லை! கண்ணுக்குள் வைக்கும் வெளிநாட்டு லென்ஸின் விலை ஏழைக்குக் கட்டவில்லை. 1992இல் அதை மதுரையிலேயே தயாரிக்க ஆரோலேப் வந்தது. இறங்கினவனுக்குத்தாங்க எதைக் கத்துக்கணும்னே தெரியும்!

தறியில் உட்காராமல் நெசவு வராது. நானும் ஒரு பழைய மெஷினை வைத்து ஜாப் டைப்பிங் கடை போட்டேன். மனு அடிக்க வந்தவங்கதான் என் வாத்தியார். அடுப்பும் எரிஞ்சது.