தோலின் தூய்மையும் நீரின் தூய்மையும்: பன்னாட்டு வணிகமும் பாலாறும்

அரபுக் கல்லூரிகளில் ஃபிக்ஹுப் பாடம் தூய்மை பற்றிய இயலுடன் தொடங்குகிறது. அவ்வியலில் இரு சட்டங்கள் அருகருகே இடம்பெற்றுள்ளன. ஒன்று நீரைப் பற்றியது. நிறம், சுவை, மணம் ஆகிய மூன்று தன்மைகளுள் ஒன்று அசுத்தத்தால் மாறிவிடுமாயின் நீர் தன் தூய்மையை இழக்கிறது. மற்றொன்று தோலைப் பற்றியது. செத்த பிராணியின் தோலும் முறையாகப் பதனிடப்பட்டால் தூய்மை அடைகிறது. வெயிலில் உலர்த்துவதும் மண்ணைத் தூவுவதும் பதனிடுதல் ஆகா. துவர்ப்புள்ள பொருளைக் கொண்டு தோலில் எஞ்சியிருக்கும் ஊனையும் ஈரத்தையும் அகற்ற வேண்டும் என்று ஷாஃபிஈ சட்ட நூல்கள் நுட்பமாக விளக்குகின்றன. அரபு நாட்டில் இதற்கு வேலமர வகையொன்றின் காய்கள் பயன்பட்டன. நம் நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பயன்பட்டன.

இவ்விரு சட்டங்களையும் நாம் மாணவர்க்குத் தனித்தனியே கற்பிக்கிறோம். அவை ஒரே தொழிலில் ஒன்றையொன்று எதிர்கொள்ளக்கூடும் என்பதை வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களை நினைக்கும்போது உணர்கிறோம். அங்கே தோல் தூய்மை பெற்று உலகச் சந்தைக்குச் சென்றது. கிணற்று நீரோ நிறமும் சுவையும் மாறிப் பின்தங்கியது. பன்னாட்டு வணிகம் வளரும் நாடுகளின் சுற்றுச்சூழலை எவ்வாறு பாதிக்கிறது என்னும் பெரிய வினாவுக்கு விடை தேடத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் சமுதாயத்தின் கைகளிலேயே வளர்ந்த இத்தொழிலின் வரலாறு போதும்.

மூன்று வழிகள்

வணிகத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் உள்ள தொடர்பை ஆய்ந்த பொருளியல் அறிஞர்கள் மூன்று விளைவுகளைப் பிரித்துக் காட்டுவர். அமெரிக்க அறிஞர்களான ஜீன் கிராஸ்மன், ஆலன் க்ரூகர் இருவரும் வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தம் பற்றி 1991இல் எழுதிய ஆய்வு இப்பகுப்பைப் பரவலாக்கியது. சந்தை விரியும்போது உற்பத்தி பெருகி, அதனுடன் கழிவும் பெருகுவது முதலாவது. எந்த நாடு எந்தத் தொழிலைச் செய்வது என்னும் பங்கீடு மாறி, அழுக்கு மிகுந்த தொழில்கள் கட்டுப்பாடு தளர்ந்த நாடுகளை நோக்கி நகர்வது இரண்டாவது. வருவாய் உயர்வதாலும் புதிய நுட்பங்கள் வந்து சேர்வதாலும் அதே பொருளைக் குறைந்த மாசுடன் செய்ய இயலுவது மூன்றாவது. முதல் இரண்டும் சுமையை ஏற்றுகின்றன. மூன்றாவது அதை இறக்குகிறது. எனவே வணிகம் நன்றா தீதா என்று பொதுவாகக் கேட்பதால் பயனில்லை. ஓரிடத்தில் இம்மூன்றில் எது வென்றது, ஏன் வென்றது என்றே கேட்க வேண்டும்.

பாலாற்றில் நடந்தது

ஆவாரம்பட்டையால் பதனிட்ட தென்னிந்தியத் தோல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சென்னைத் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்றது. அது முழுமை பெறாத தோல். அதற்கு மெருகேற்றி, காலணியாகவும் கைப்பையாகவும் ஆக்கிப் பெரும் இலாபம் கண்டவர்கள் வாங்கியவர்களே. இந்நிலையை மாற்ற விரும்பிய இந்திய அரசு, 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரைகளை ஏற்றது. கச்சாத் தோலின் ஏற்றுமதி தடுக்கப்பட்டது. பாதி பதனிட்ட தோலுக்கு வரம்பு கட்டப்பட்டது. முழுமை பெற்ற தோலுக்கும் தோற்பொருள்களுக்கும் ஊக்கம் தரப்பட்டது. நாட்டின் உழைப்புக்குரிய ஊதியம் நாட்டிலேயே தங்க வேண்டும் என்னும் அந்நோக்கம் நியாயமானதே.

ஆனால் அதே காலத்தில் மேலை நாடுகளில் தோல் பதனிடும் தொழில் சுருங்கிக் கொண்டிருந்தது. கூலி உயர்வுடன் கழிவுநீர்ச் சட்டங்களின் இறுக்கமும் அதற்கொரு காரணம். அவர்கள் கைவிட்ட வேலையையே நாம் ஏற்றோம். பட்டைமுறையில் வாரக்கணக்கில் ஆகும் பதனிடுதல் குரோமிய உப்பினால் ஓரிரு நாளில் முடிந்தது. விரைவையும் மென்மையையும் சந்தை விரும்பியதால் குரோமிய முறை பரவியது. தோல் கெடாமல் இருக்க இடப்படும் உப்பு, மயிர் நீக்கும் சுண்ணாம்பு, சல்ஃபைடு, தோலில் ஏறாது எஞ்சிய குரோமியம் ஆகிய அனைத்தும் நீருடன் வெளியேறின.

பாலாறு ஆண்டின் பெரும்பகுதியில் வறண்ட மணற்பரப்பு. அதன் நீர் மணலுக்கடியில் ஓடுகிறது. நீர் பெருகி ஓடும் ஆற்றில் கழிவு கடலை நோக்கி அடித்துச் செல்லப்படும். இங்கோ அது மணலில் இறங்கிக் கிணறுகளை அடைந்தது. மணற்கொள்ளையும் நகரச் சாக்கடையும் மேற்புறத் தடுப்பணைகளும் இந்த ஆற்றை நலிவித்தன என்பது உண்மை. எனினும் உப்பேறிய கிணறுகளுக்கு முதற்காரணம் எது என்பதில் ஐயமில்லை.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்நிலையைப் பதிவு செய்துள்ளது. தமிழகத்தில் 900க்கும் மேற்பட்ட தோல் ஆலைகள் இயங்கின. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாயிற்று. ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாததாயிற்று என்னும் வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் மதிப்பீடும் அத்தீர்ப்பில் இடம்பெற்றுள்ளது. அந்நியச் செலாவணி ஈட்டும் தொழிலாயினும் சூழலை அழிக்கும் உரிமை அதற்கில்லை என்று நீதிமன்றம் தெளிவாக்கியது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், தீங்கு உறுதியாகும் வரை காத்திராது முன்னெச்சரிக்கை கொள்ள வேண்டும் என்னும் இரு நெறிகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என அறிவிக்கப்பட்டன.

எல்லையில் நிற்கும் சோதனை

வணிகத்தால் நுட்பம் மேம்படும் என்னும் மூன்றாவது விளைவு இங்கே செயல்படவே இல்லையா? செயல்பட்டது, ஆனால் ஓர் எல்லைக்குள்தான் செயல்பட்டது. நாம் சொல்ல வந்த செய்தியும் இதுவே.

தோலில் பூஞ்சை பிடிக்காதிருக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோஃபீனால் என்னும் நச்சுப் பொருளை ஜெர்மனி 1989இல் தடை செய்தது. ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் அது கலந்த தோலுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. ஜெர்மனி நம் தோலின் முதன்மைச் சந்தைகளுள் ஒன்று. சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் மாற்றுப் பொருள்களைப் பரிந்துரைத்தது. இந்திய அரசும் தடை விதித்தது. சில ஆண்டுகளிலேயே தொழில் மாறிக்கொண்டது. பின்னர்ச் சிலவகை ஏஸோ சாயங்களுக்கு ஜெர்மனி தடை விதித்தபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. தோற்பொருளில் ஆறிணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக்கூடாது என்னும் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2015இல் நடைமுறைக்கு வந்தபோதும் ஏற்றுமதியாளர் அதற்கேற்ப நடந்தனர்.

இம்மூன்றும் காலணிக்குள் இருந்த நச்சுகள்; அணிபவரின் பாதத்தைத் தொடுபவை. ஆதலால் வாங்கும் நாடு சோதித்தது, விற்கும் நாடு திருந்தியது. ஆனால் பாலாற்றில் கலந்த உப்பு காலணியில் இல்லை. ஆம்பூர்க் கிணற்றின் சுவை மாறியதை ஹாம்பர்க் துறைமுகத்தின் எந்த ஆய்வுக்கூடமும் கண்டறியாது. பொருள் எல்லை தாண்டுகிறது. அது உருவான விதம் இங்கேயே நின்றுவிடுகிறது. விலையும் அவ்வாறே. தோல், கூலி, கப்பற்கட்டணம் அனைத்தும் விலையில் அடங்குகின்றன. கெட்ட கிணறு அடங்குவதில்லை. அதன் செலவை வாங்குபவரோ விற்பவரோ தராதபோது உழவர் தருகிறார்.

பன்னாட்டு வணிக விதிகளும் நெடுங்காலம் இதற்குத் துணைநின்றன. ஓங்கில்கள் மடியும் வகையில் பிடிக்கப்பட்ட சூரை மீனுக்கு அமெரிக்கா விதித்த தடையை மெக்சிகோ எதிர்த்தபோது, பொருளைப் பார்க்கலாம், அது பிடிக்கப்பட்ட முறையைக் காரணங்காட்டி வேற்றுமை பாராட்டலாகாது என 1991இல் காட் ஒப்பந்த நடுவர் குழு கருதியது. ஆமைகளைக் காக்கும் வலையின்றிப் பிடித்த இறால் பற்றிய வழக்கில், 1998இல் உலக வணிக அமைப்பின் மேல்முறையீட்டுக் குழு சற்றே மாறுபட்டது. அத்தகைய நடவடிக்கை கொள்கையளவில் ஏற்கத்தக்கது. ஆனால் அமெரிக்கா அதனைப் பாகுபாட்டுடன் செயல்படுத்தியது என்றது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நாடுகளே அவ்வழக்கைத் தொடுத்தவை என்பது நோக்கத்தக்கது. சூழற்காப்பு என்னும் பெயரால் செல்வ நாடுகள் தம் சந்தையை மூடிக்கொள்ளும் என்னும் அவற்றின் அச்சத்தைப் புறந்தள்ள இயலாது. ஆனால் அந்த அச்சத்தின் நிழலில் நம் ஆறுகள் கேட்பாரின்றிப் போயின என்பதையும் மறுக்க இயலாது.

இன்று நிலைமை சிறிது மாறுகிறது. காலணி நிறுவனங்களும் தோல் ஆலைகளும் 2005இல் கூடி அமைத்த லெதர் வொர்க்கிங் குரூப், ஆலைகளின் நீர்ச்செலவையும் கழிவையும் தணிக்கை செய்கிறது; ஆயினும் அது விரும்பிச் சேர்பவர்க்கே. ஐரோப்பிய ஒன்றியம் எஃகு, சிமெண்ட் முதலிய பொருள்கள் உற்பத்தியாகும்போது வெளியான கரியமில வாயுவுக்கு எல்லையில் கட்டணம் பெறும் முறையை 2026 முதல் முழுமையாக நடைமுறைப்படுத்துகிறது. உற்பத்தி முறையும் எல்லையில் கணக்கில் வரலாம் என்பதற்கு இது சான்று. ஆனால் கரியமில வாயு அவர்களுடைய வானையும் சென்றடைகிறது. பாலாற்றின் உப்பு அவர்களிடம் செல்வதில்லை. எனவே அதைக் கேட்க வேண்டியவர்கள் நாமே.

தீர்ப்புக்குப் பின்

நாம் கேட்ட வேகத்தையும் பார்க்க வேண்டும். பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. குரோமியத்தைப் பிரித்தெடுக்கும் முறை வந்தது. ஆனால் அவை நீரில் கரைந்த உப்பை நீக்கவில்லை. அதற்கெனச் சவ்வூடு வடிகட்டி ஆவியாக்கும் முறை பின்னர் வந்தது. அதற்கு மின்செலவு மிகுதி, எஞ்சும் கலப்பு உப்பைக் கொட்ட இடமில்லை. 2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டையில் சுத்திகரிப்பு நிலையக் கசடுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக் கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

இழப்பீட்டுக்கென அமைந்த ஆணையம் 2001இல் ஏறத்தாழ 29,000 பேருக்கு ஏறத்தாழ 27 கோடி ரூபாய் என வரையறுத்தது. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரியாகப் பத்தாயிரம் ரூபாய்கூட இல்லை. அதுவும் முழுமையாகச் சென்று சேரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, இழப்பீட்டை அரசு வழங்கி ஆலைகளிடம் வசூலிக்கவும், மேற்பார்வைக் குழு அமைக்கவும் ஆணையிட வேண்டியிருந்தது. ஜெர்மனியின் தடைக்குச் சில ஆண்டுகளில் பணிந்த தொழிலும் அரசும், அண்டைக் கிணற்றுக்காகப் பிறந்த தீர்ப்புக்கு இருபத்தெட்டு ஆண்டுகளாகியும் முழுமையாகப் பணியவில்லை.

இடத்தை மாற்றுவதும் தீர்வாகாது. வங்கதேசத்தில் டாக்கா நகரின் ஹஸாரிபாக் ஆலைகள் 2017இல் சாபாருக்கு மாற்றப்பட்டன. புரிகங்கை ஆற்றின் சுமை தலேசுவரி ஆற்றுக்குச் சென்றது. ஆலைகளை முற்றாக மூடுவதும் தீர்வாகாது. ஆம்பூரின் காலணித் தொழிற்சாலைகளில் பெருந்தொகையான பெண்கள் உழைத்துக் குடும்பம் காக்கின்றனர். அவர்கள் தைக்கும் தோல் எங்கேனும் பதனிடப்பட்டே ஆக வேண்டும்.

நம் பொறுப்பு

இத்தொழில் நமக்கு அயலானதன்று. உமராபாத்தில் ஜாமிஆ தாருஸ்ஸலாமை 1924இல் நிறுவிய காகா முஹம்மது உமர் தோல் வணிகர். மேல்விசாரத்தின் கொடைவள்ளல் நவாப் சி. அப்துல் ஹக்கீமும் தோல் வணிகரே. மத்ரஸாக்களும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் தோல் வணிகத்தின் செல்வத்தால் எழுந்தன. நம்மைப் போன்று அரபு கற்றவர் பலர் உண்ட சோற்றில் அதன் பங்குண்டு. அப்பெருமக்களின் காலத்துத் தொழில் பெரும்பாலும் பட்டையும் கடுக்காயும் சார்ந்தது. அவர்களைக் குறைகூற நாம் இதனை எழுதவில்லை. நன்றி மறவாமையே நம்மை உண்மை பேசத் தூண்டுகிறது.

உப்பும் குரோமியமும் சட்ட மொழியில் நஜீஸ் அல்லவே என்று வாதிடுவோர் உண்டு. நஜீஸ் அல்லாதது தீங்கற்றது என்பது பொருளன்று. தீங்கு அகற்றப்பட வேண்டும் என்பது ஃபிக்ஹின் ஐந்து பெருவிதிகளுள் ஒன்று. கிணற்றைச் சுற்றிலும் பிறர் தொடக்கூடாத 'ஹரீம்' என்னும் எல்லையைச் சட்ட அறிஞர்கள் வகுத்துள்ளனர். அண்டையிலுள்ளவர் அதன் நீரைக் கெடுக்கும் குழியைத் தோண்டலாகாது என்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. இன்றைய அறிவியலின்படி நோக்கினால் ஆற்றுமணலின் நீரோட்டம் செல்லும் தூரமெல்லாம் அந்த ஹரீம் விரிகிறது. மேலும், அடியார்களுக்கு உரிய கடன் தருமத்தால் தீர்வதில்லை. உரியவரிடம் சேர்த்தோ அவரது மன்னிப்பைப் பெற்றோதான் தீரும். ஆயிரம் பேருக்குக் கல்வி அளித்தவரும் அண்டை உழவரின் கிணற்றுக்குப் பதில் கூற வேண்டியவரே.

செய்யக்கூடியவை உள்ளன. உப்பிடுதலைக் குறைத்துத் தோலைக் குளிரூட்டிக் காத்தல், நீரின்றிக் குரோமியம் ஏற்றும் முறை முதலியவற்றை நம் நாட்டு ஆய்வாளரே வகுத்துள்ளனர். அவற்றின் கூடுதற்செலவை விலையில் சேர்த்துக் கேட்க, தனி ஆலையால் இயலாது. விலையைக் குறைத்துத் தரும் அடுத்த ஆலைக்கு வாங்குபவர் சென்றுவிடுவார். ஏற்றுமதியாளர் ஒன்றுபட்டும், அண்டை நாடுகள் உடன்பட்டும் கேட்டால்தான் இயலும். நிலுவை இழப்பீட்டை நீதிமன்றம் பிடுங்கித் தரும் வரை காத்திராமல் வணிகர் சங்கங்கள் தாமே முன்வந்து தீர்ப்பது அதற்கு முதற்படியாகும். தன் ஊரின் கிணற்றுக்கு ஈடு தராதவர், வெளிநாட்டு வணிகரிடம் நியாயமான விலை கேட்பது எடுபடாது.

தூய்மை இயலைக் கற்கும் மாணவர் ஒருவர், தோலைத் தூய்மையாக்கிய நீர் எங்கே போயிற்று என்று நம்மிடம் கேட்கக்கூடும். அதற்கான விடையைச் சட்ட நூல் நெடுங்காலமாகவே வைத்திருக்கிறது. பாலாற்றங்கரையில் அவ்விடையை நடைமுறையாக்குவதுதான் எஞ்சியுள்ளது.