காலையில் ஓட்டம்... மாலையில் தள்ளாட்டம்!

நாலு வயசுக் குழந்தை குதிகால் தரையில் படாமல் நுனிக்காலிலேயே நடக்கிறது. "பாருங்களேன், இப்பவே பரதநாட்டியம் ஆடறா!" என்று பூரித்துப் போகிறாள் பாட்டி. "வளர்ந்தா தானா சரியாயிடும்" என்கிறார் மாமா. பிசியோதெரபிஸ்ட் மட்டும் பூரிப்பதில்லை. "எங்கே கண்ணு, அந்தச் சுவர் வரைக்கும் நடந்து காட்டு" என்கிறார்.

நடக்கக் கற்கும் புதிதில் பல குழந்தைகள் இப்படித்தான். மூணு வயசு தாண்டியும் நீடித்தால்தான் கவனிக்க வேண்டும். வம்பு என்னவென்றால், பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இந்த நடைக்குள் முற்றிலும் வேறு வேறு சமாச்சாரங்கள் ஒளிந்திருக்கும். பி.காம். படித்த எனக்கு ஆடிட்டிங்தான் ஞாபகம் வந்தது. டோட்டல் சரியாக இருந்தால் போதுமா? வவுச்சரைப் புரட்ட வேண்டாமா?

வெறும் பழக்கம் என்றால், "குதிகாலை வெச்சு நட" என்றதும் பெரும்பாலும் வைத்து நடக்கும். பராக்குப் பார்த்தால் மறுபடி நுனிக்கால்!

செரிப்ரல் பால்சி எனும் மூளைவாதத்தில் கால் விறைப்பு ஆரம்பத்திலிருந்தே இருக்கும். முழங்கால் மடங்கி, தொடைகள் ஒன்றோடொன்று உரசும். செருப்பின் முன்பக்கம் சீக்கிரம் தேயும். பலர் குறைமாதத்தில் பிறந்தவர்கள்.

மூன்றாவது, டூஷேன் தசைச் சிதைவு. அநேகமாகப் பையன்களுக்குத்தான் வரும். வயிற்றை முன்தள்ளி வாத்து மாதிரி அசைந்து நடப்பான். கெண்டைக்கால் பயில்வான் கணக்காகத் திரண்டிருக்கும், உள்ளே பலமிருக்காது. தரையில் உட்கார வைத்து எழுந்திருக்கச் சொன்னால் முழங்காலில் கை ஊன்றி, தொடையைப் பிடித்து, தன் உடம்பிலேயே தான் ஏறுவான். கவர்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் 1879-ல் விவரித்தது. இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. இந்தப் பையனுக்குப் பளு வைத்துக் கடுமையாகப் பயிற்சி கொடுத்தால் தசை இன்னும் கெடும். அதனால்தான் சிகிச்சைக்கு முன்னாலேயே ஆளைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. சந்தேகம் வந்தால் ஒரு ரத்தப் பரிசோதனை அடுத்த வழியைக் காட்டிவிடும்.

இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற ஆசாமி ஒன்று உண்டு. ஜப்பானிய டாக்டர் மசாயா செகாவா 1971-ல் விவரித்த நோய். காலையில் குழந்தை நன்றாக ஓடும். பொழுது சாயச் சாயப் பாதம் உள்பக்கம் முறுக்கிக்கொள்ளும். நுனிக்கால், தடுமாற்றம், விழுதல். தூங்கி எழுந்தால் மறுபடி பழைய ஓட்டம்! பெரும்பாலும் பள்ளிக்கூட வயசில், பெண் குழந்தைகளிடம் அதிகம். மூளையில் டோபமின் சுரப்பது குறைவதுதான் காரணம். அதற்கான மரபணு 1994-ல் பிடிபட்டது.

பார்கின்சன் நோய்க்குத் தருகிற லெவோடோபா மாத்திரையைக் கொஞ்சம் கொடுத்தால் போதும். சில நாட்களிலேயே நடை நிமிர்ந்துவிடும். ஆனால் மூளைவாதம் என்று சீட்டு எழுதி, வருஷக்கணக்கில் காலை நீவிக்கொண்டிருந்த கதைகள் மருத்துவ ஏடுகளில் நிறைய. சக்கர நாற்காலியில் இருந்த பெரியவர்கள்கூட மாத்திரைக்குப் பின் எழுந்து நடந்திருக்கிறார்கள். அதுவரை போன வருஷங்களை யார் திருப்பித் தருவது?

கோளாறு எங்கே? அப்பாயின்ட்மென்ட்டில்! காலை பத்து மணிக்குக் குழந்தை ஜம்மென்று நடக்கும். "நேத்து சாயங்காலம் மூணு தரம் விழுந்தா டாக்டர்" என்று அம்மா சொன்னால், மிகைப்படுத்துகிறாள் என்று நினைப்பார்கள். விவரம் தெரிந்த தெரபிஸ்ட் ஆறு மணிக்கு மறுபடி வரச் சொல்லிவிட்டு, நரம்பியல் டாக்டருக்கும் ஒரு கடிதம் எழுதுவார். எல்லோருக்கும் இந்தக் காலை-மாலை வித்தியாசம் தெளிவாகத் தெரியாது. அதனால் காரணம் புரியாத முறுக்கல் நடை என்றாலே அந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கிற டாக்டர்கள் உண்டு.

இப்போதுதான் எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறதே. வளைகாப்பு, காதுகுத்து எல்லாம் எடுக்கிறோம். குழந்தைக்கு அரை டிராயர் போட்டு, செருப்பில்லாமல், முன்னால், பின்னால், பக்கவாட்டில் நடக்க விட்டு எடுங்கள். தரையிலிருந்து எழுந்திருப்பதையும்தான். காலையில் ஒரு தரம், விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு தரம். மத்தியானம் தூங்கி எழுந்தால் நடை தேறுகிறதா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.