வீட்டறையில் ரெசின் வேலை: காற்றுக்கு ஒரு வழி வையுங்கள்

தையல், கோழி வளர்ப்பு, பனையோலை வேலை, மிளகாய்த்தூள் அரைத்துப் பொதி செய்தல் என்று இருந்த எமது பெண்களின் சுயதொழில் பட்டியலில் அண்மைக்காலமாக ரெசின் வேலையும் சேர்ந்திருக்கிறது. பெயர் எழுதிய திறப்புக் கோர்வை, தோடு, சிறு சிலைகள், பரிசுப் பொருட்கள் என்பவற்றை இளம் பெண்கள் வீட்டிலிருந்தே செய்து விற்கிறார்கள். அச்சில் ஊற்றி இறுகவிடும் முறை ஒன்று. கணினியில் வரைந்த உருவத்தைச் சிறிய இயந்திரம் ஒன்று தானே செய்து தரும் முறை மற்றது. இந்த இயந்திரத்தை முப்பரிமாண அச்சுப்பொறி என்பார்கள். நகை வார்ப்பதற்கான மாதிரிகளையும் பல் வைத்தியத்துக்கான மாதிரிகளையும் இதில் எடுக்கலாம். ஆகவே இது விளையாட்டு வேலை அல்ல, உழைப்புத் தரும் வேலைதான்.

இந்த வேலையைப் பழித்து எழுதுவது என் நோக்கமல்ல. இதிலிருந்து எழும் ஆவியை வீட்டுக்குள் தங்கவிடாமல் வெளியே அனுப்புவது எப்படி என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். சொல்வதற்கு எனக்கு ஒரு காரணமும் உண்டு. 2009 இல் பட்ட செல் துண்டு ஒன்று இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. அதை எடுப்பது ஆபத்து என்று வைத்தியர்கள் விட்டுவிட்டார்கள். கிணற்றில் நாலு வாளி தண்ணீர் அள்ளினால் எனக்கு மூச்சு வாங்கும். மற்றவர்களுக்குச் சும்மா மணமாகத் தெரிவது எனக்கு இருமலாக வந்துவிடும். என்னைப் போல நெஞ்சுக் காயத்தோடு வாழும் சகோதரிகள் எமது பகுதிகளில் எத்தனை பேர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் அச்சுப்பொறி வைத்திருப்பவள் என் பெறாமகள். தகப்பனை அந்தக் கடைசி மாதங்களில் இழந்தவள். காலில் காயம் இருப்பதால் நீண்ட நேரம் நின்று செய்யும் வேலை அவளுக்கு ஆகாது. ஆடைத் தொழிற்சாலைக்குப் போய் மூன்று மாதத்தில் திரும்பி வந்தாள். பிறகு ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனாள், கடன் எடுத்தாள், இந்த இயந்திரத்தை வாங்கினாள். எங்களுடையது இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. அத்திட்டத்து வீடுகள் ஏறக்குறைய 550 சதுர அடிதான். இரண்டு அறை, ஒரு ஹோல், ஒரு குசினி. அதில் ஒரு அறைக்குள் இயந்திரம் வந்தது. அடுத்த அறையில் நானும் என் தங்கையும் பாய் விரித்துப் படுக்கிறோம்.

இரண்டாம் கிழமையே எனக்கு முட்டுப் போல இழுக்கத் தொடங்கிவிட்டது. பிள்ளை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, “பெரியம்மா, உங்களுக்கு ஏலாதெண்டால் மெசினை வித்துப்போடுறன்” என்றாள். “வித்தால் கடனை ஆர் கட்டுறது? தம்பியின்ர படிப்பு? காத்து வெளியில போக வழி செய்வம், பிள்ளை” என்றேன். அதன் பிறகு நாங்கள் விசாரித்தும் செய்து பார்த்தும் அறிந்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் அந்த ஆவி என்னவென்று பார்ப்போம். அச்சுப்பொறியின் தொட்டியில் இருப்பது திரவப் பிசின். அக்கிரிலேற்று வகையைச் சேர்ந்த இரசாயனங்களும் ஒளி பட்டதும் அவற்றை இறுகச் செய்யும் வேறு சில பொருட்களும் அதில் உண்டு. தொட்டியின் அடியிலிருந்து ஒளி பட, மெல்லிய படை ஒன்று இறுகும். பிறகு அதன்மேல் இன்னொன்று. ஒரு படை 0.05 மில்லிமீற்றர் என்றால், 5 சென்ரிமீற்றர் உயரமான ஒரு பொருளுக்கு 1000 படைகள் வேண்டும். அதற்கு மூன்று நான்கு மணித்தியாலமாவது எடுக்கும். அவ்வளவு நேரமும் தொட்டியில் பிசின் திறந்தபடி இருக்கிறது, இயந்திரம் சூடாகிறது, பிசினில் ஒரு பகுதி ஆவியாகிறது. எங்கள் ஊர் வெயிலில், அதுவும் தகரக் கூரையின் கீழ், மத்தியான வேளையில் இந்த ஆவி இன்னும் கூடும். பெரிய வேலைகளை அதிகாலையிலோ இரவிலோ ஓடவிடுவது நல்லது. ஆனால் ஆட்கள் படுக்கும் அறையில் அல்ல.

இந்த ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், தலையிடி தரும், முட்டு வருத்தம் உள்ளவர்களுக்கு இழுப்பைக் கொண்டுவரும். திரவம் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம். அந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் போகாது. பிறகு சிறிதளவு பட்டாலே தோல் சிவந்து கொப்பளிக்கும். பல் கட்டும் தொழிலிலும் செயற்கை நகம் ஒட்டும் தொழிலிலும் இருப்பவர்களுக்கு இதே குடும்ப இரசாயனங்களால் இப்படி வருவது நன்கு அறியப்பட்ட விடயம். கைத்தொழிலை நம்பி வாழும் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய நட்டம் வேறில்லை. மணம் குறைந்த பிசின், தண்ணீரில் கழுவும் பிசின் என்றெல்லாம் விற்கிறார்கள். மணம் குறைவு என்பதால் கெடுதி குறைவு என்று எண்ண வேண்டாம்.

இனிக் காற்றுக்கு வருவோம். பல வீடுகளில் நான் காண்பது இதுதான்: ஒரு யன்னலைத் திறந்துவிட்டு நிற்கும் பானை இயந்திரத்தின் பக்கம் திருப்பிவிடுகிறார்கள். மணம் குறைந்தது போலத் தெரியும். உண்மையில் அறைக்குள் இருந்த ஆவி வீடு முழுவதும் கலந்துவிடுகிறது. குளிரூட்டியும் பெரும்பாலும் அறைக் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிராக்குகிறது. பிள்ளை பயிற்சி எடுத்த இடத்தில் குளிரூட்டிய அறைக்குள்தான் பழக்கினார்கள். காற்றோட்டம் பற்றி அங்கே ஒரு சொல்லும் சொல்லவில்லையாம். சாம்பிராணி, வாசனைத் தெளிப்பு எல்லாம் மூக்கை ஏமாற்றுவதோடு சரி.

எங்கள் பழைய வீடுகளில் குசினியை ஏன் தள்ளிக் கட்டினார்கள், புகைக்கூடு ஏன் வைத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். புகை எழும் இடத்திலேயே அதைப் பிடித்து, நேரே வெளியே விட்டார்கள். இங்கும் அதையே செய்ய வேண்டும்.

நாங்கள் செய்தது ஒரு பெட்டி. அச்சுப்பொறி உள்ளே அடங்கி, மூடியைத் திறந்து மூடவும் இடம் இருக்கும் அளவில் பிளைவூட்டில் தச்சரைக் கொண்டு செய்வித்தோம். முன்பக்கம் கதவு. பின்பக்கம் மேலே 4 அங்குல ஓட்டை. அதிலிருந்து ஒரு பி.வி.சி. குழாய் யன்னலுக்குப் போகிறது. யன்னலில் ஒரு கண்ணாடியைக் கழற்றி, அந்த இடத்தில் பலகை பொருத்திக் குழாயை வெளியே விட்டோம். பான் குழாயின் யன்னல் பக்க முனையில் இருக்க வேண்டும், பெட்டிப் பக்கத்தில் அல்ல. இதைப் பலர் மாற்றிப் பொருத்துகிறார்கள். இளநீரை ஸ்ரோவால் உறிஞ்சும்போது ஸ்ரோவில் ஓட்டை இருந்தால் காற்றுத்தான் உள்ளே வரும், இளநீர் வெளியே ஒழுகாது. அதுபோல, பான் கடைசி முனையில் நின்று இழுத்தால் குழாயில் எங்கே இடைவெளி இருந்தாலும் அறைக் காற்று குழாய்க்குள் போகுமே தவிர, ஆவி அறைக்குள் வராது. பெட்டிப் பக்கம் நின்று தள்ளினால் ஒவ்வொரு பொருத்தாலும் ஆவி கசியும். குழாய் குறுகியதாகவும் நேராகவும் இருப்பது நல்லது. வளைவு கூடக்கூட இழுவை குறையும்.

வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வேண்டும். பெட்டியின் முன்பக்க அடியில் ஒரு விரல் அகலத்துக்கு நீண்ட வெடிப்பு விட்டிருக்கிறோம். அறைக் கதவின் கீழும் இடைவெளி இருக்க வேண்டும். எல்லாவற்றையும் இறுக்கி அடைத்துவிட்டுப் பானைப் போட்டால் அது சத்தம் போடுமே தவிர வேலை செய்யாது.

வேலை செய்கிறதா என்று அறிய மெல்லிய ரிசு தாளை நூல் போலக் கிழித்து அந்த வெடிப்பின் முன் பிடியுங்கள். தாள் உட்பக்கம் சாய வேண்டும். சாயாவிட்டால் பான் போதாது அல்லது எங்கோ அடைப்பு இருக்கிறது. ஊதுபத்திப் புகையால் பார்க்கச் சொல்லிச் சிலர் சொல்வார்கள். இந்த அறையில் அது வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

பெட்டி செய்ய வசதியில்லாதவர்கள், அறையின் யன்னலில் எக்ஸோஸ்ட் பானை வெளிப்பக்கம் தள்ளும்படி பொருத்தலாம். 10 அடிக்கு 10 அடி, 9 அடி உயரமான அறையில் 900 கன அடி காற்று இருக்கும். நிமிடத்துக்கு 150 கன அடி என்று பெட்டியில் எழுதிய பான், கணக்கின்படி ஆறு நிமிடத்தில் அவ்வளவு காற்றை வெளியே தள்ளும். ஆனால் புதிய காற்று பழையதோடு கலந்து கலந்துதான் போகும். ஆகவே வேலை முடிந்தபின் அரை மணித்தியாலமாவது பான் ஓட வேண்டும்.

குழாயின் வெளிவாய் எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். வைகாசி தொடங்கிச் சோளகம் தென்மேற்கிலிருந்து பலமாக அடிக்கும். வாய் அந்தப் பக்கம் பார்த்தால் ஆவி திரும்ப வீட்டுக்குள்ளேயே வரும். வாடைக் காலத்தில் வடகிழக்குப் பக்கம் அப்படி. எங்கள் வீட்டில் அது வடமேற்கைப் பார்க்கிறது. மழை உள்ளே போகாமல் ஒரு எல்போவைக் கீழ்நோக்கிப் போட்டு வலை கட்டியிருக்கிறோம். அயல் வீட்டு யன்னலுக்கு நேரே விட்டுவிடாதீர்கள். எங்கள் குடியிருப்பில் வேலிக்கு அங்கால் ஒரு கைக்குழந்தை இருக்கிறது.

அச்சிட்டு முடிந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. பொருளில் ஒட்டியிருக்கும் பிசினை ஐசோபுரோப்பைல் அற்ககோலில் கழுவ வேண்டும். எனக்கு அதிகம் இழுத்தது இந்தக் கழுவலின்போதுதான். அற்ககோல் எளிதில் தீப்பற்றும். அதன் ஆவி காற்றைவிடப் பாரமானது, சிந்தினால் நிலத்தையொட்டிப் பரவும். பாயில் படுப்பவர்களும் தவழும் பிள்ளைகளும் இருப்பது அந்த மட்டத்தில்தான். குசினியிலோ, சாமி விளக்கு, நுளம்புத்திரி, ஊதுபத்தி எரியும் இடத்திலோ இதைத் திறக்கவே கூடாது. எக்ஸோஸ்ட் பானுக்கு நேர் முன்னால் வைத்தும் கழுவ வேண்டாம், மோட்டரில் பொறி பறக்கலாம். நிறையச் சிந்திவிட்டால் சுவிச் எதையும் தொடாமல் கதவைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள்.

எமது காலநிலைக்கு நல்ல வழி, நிழலான பின் விறாந்தையில் கழுவுவதுதான். காற்று உங்கள் பக்கவாட்டில் வீசும்படி நில்லுங்கள். முகத்துக்கு நேரே வீசினால் ஆவி உங்களுக்கு வரும், முதுகில் வீசினாலும் உடம்பைச் சுற்றிச் சுழன்று முகத்துக்கே வரும். கையுறை நைட்ரைல் வகையாக இருக்கட்டும். கழுவியதும் அற்ககோல் பாத்திரத்தை மூடி வையுங்கள். துணி முகக்கவசமும் வைத்தியசாலையில் தரும் முகக்கவசமும் ஆவியைத் தடுக்காது. ஆவிக்கு என்று கரி வடிகட்டி பூட்டிய முகக்கவசம் தனியாக உண்டு.

கரி என்றதும் இன்னொன்று. அச்சுப்பொறியோடு சேர்த்து ஏவப்பட்ட காபன் வடிகட்டி விற்கிறார்கள். இலங்கைத் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்து ஏற்றுமதியாகும் அதே பொருள்தான். அது ஆவியைப் பிடிக்கும், ஆனால் நிறைந்ததும் நின்றுவிடும், நிறைந்தது கண்ணுக்கும் தெரியாது. வெளியே போகும் குழாய்க்குத் துணையாக வைக்கலாம், அதற்குப் பதிலாக அல்ல. அடுப்புக் கரி இந்த வேலையைச் செய்யாது.

2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கரண்ட் நின்றால் பானும் நிற்கும், ஆனால் தொட்டியில் பிசின் அப்படியே இருக்கும். மூடியையும் பெட்டிக் கதவையும் சாத்தி, அறை யன்னலைத் திறந்துவிட்டு வெளியே வருவது நாங்கள் கடைப்பிடிக்கும் முறை.

கழுவிய அழுக்கு அற்ககோலையும் தண்ணீரையும் வளவில் ஊற்றக் கூடாது. யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் நிலத்தில் ஊற்றுவது நிலத்தடி நீருக்குப் போகும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து மக்கள் பட்ட பாட்டை 2014, 2015 ஆம் ஆண்டுகளில் கண்டோம். அகலமான பாத்திரத்தில், நெருப்புக்கும் பிள்ளைகளுக்கும் கோழிகளுக்கும் எட்டாத வெயிலில் திறந்து வைத்தால் திரவம் வற்றி, பிசின் கட்டியாகும். நன்றாக இறுகிய பிறகு அதைக் குப்பையோடு போடலாம்.

இவ்வளவுக்கும் காசு வேண்டும்தானே என்பீர்கள். வாழ்வாதாரக் கடனுக்கும் உதவிக்கும் படிவம் நிரப்பும்போது இயந்திரத்தின் விலையை மட்டும் எழுதுகிறோம். பான், குழாய், பெட்டி, கையுறை, முகக்கவசம் ஆகியவற்றையும் அதே பட்டியலில் எழுதுங்கள். அலுவலர் ஏன் என்று கேட்டால், இவை இல்லாமல் இந்த இயந்திரத்தை வீட்டில் வைக்க முடியாது என்று சொல்லுங்கள். விற்கும் விலையிலும் இதைச் சேர்க்க வேண்டும். பெறாமகள் ஒவ்வொரு நகை மாதிரிக்கும் கையுறைக்கும் மின்சாரத்துக்குமாக ஒரு சிறு தொகை சேர்த்தே விலை சொல்கிறாள். கடைக்காரர்கள் முணுமுணுத்தார்கள், பிறகு கொடுக்கிறார்கள்.

பெட்டி வைத்த பிறகு எனக்கு இழுப்புக் குறைந்திருக்கிறது. அச்சிடும் நாட்களில் அந்த அறைக்குள் நான் போவதில்லை. உங்களில் யாருக்காவது கையில் சொறி, கண் எரிவு, வேலை செய்யும் நாட்களில் மட்டும் இருமல் என்று இருந்தால் வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கே “என்ன வேலை?” என்று கேட்பார்கள். எம்மில் பலர் “ஒண்டுமில்லை, வீட்டிலதான்” என்று சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொன்னால் வைத்தியருக்கு எதுவும் விளங்காது. ரெசின் வேலை செய்கிறேன் என்று சொல்லி, போத்தலின் லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.